மூணாவது தூண் பொன்னியம்மா

சித்தூரில் தொரை மார்க்கெட்டின் மேற்கு வாசலுக்கு எதிரே மாவு மில் வைத்திருப்பவன் நான். பெயர் பக்கிரிசாமி. மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிப்போனதால், கோபமில்லாத நேரத்திலும் நான் கோபமாகப் பேசுவதாக வீட்டில் சொல்வார்கள். இப்போது எழுதுவது நிஜக் கோபத்தில். வித்தியாசம் தெரியட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாசம் மார்க்கெட்டைப் புதுப்பித்துத் திறந்தார்கள். வாசலில் பளபளவென்று ஒரு பலகை. நூற்றாண்டுப் பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டார்களாம். தெலுங்கில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. பழைய மார்க்கெட்டில் மிச்சம் இருப்பது முகப்பு வளைவு ஒன்றுதான். உள்ளே இருந்த கல்தூண்கள், ஓட்டுக்கூரை, கடப்பைக்கல் தரை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உடம்பை எரித்துவிட்டு, ஆளைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இங்கே கைதட்டினார்கள். கீழ்த்தளத்தில் செல்போன் கடை, செருப்புக் கடை, நகைக்கடை. காய்கறியும் கீரையும் மாடியில். தகரக் கூரை போட்ட மாடியில் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக எவன் படியேறுவான் என்று பிளான் போட்டவனை யாரும் கேட்கவில்லை. பிளான் போட்டவன் வீட்டுக்குக் கொத்தமல்லி போனில் வருகிறது.

இந்த மார்க்கெட்டை வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் கட்டினதாகச் சொல்வார்கள். அதனால்தான் தொரை மார்க்கெட். துரை வந்தா கல் சுமந்தார்? கல் உடைத்தவர்களும் சுமந்தவர்களும் எல்லையோரக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ்க் கூலிகள். கையகல நிலம் இல்லாதவர்கள். கட்டி முடித்த பிறகு அவர்களுக்கு உள்ளே உட்கார இடமில்லை. விற்க வேண்டுமானால் வெளியே, சாக்கடை ஓரம். பாரம்பரியம் என்று வாய் நிறையச் சொல்கிறார்களே, அதில் இதுவும் சேர்த்திதான்.

பொன்னியம்மாவின் அம்மா நாகம்மா அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் கீரை விற்றாள். ஒரு ஐப்பசி மழையில் சாக்கடை பொங்கிக் கூடைக்குள் வந்தது. நாகம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய், மூன்றாவது தூண் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த பெரிய கடைக்காரர்கள் கீரையைக் காலால் தள்ளினார்கள். அவள் பொறுக்கி அடுக்கினாள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி அடுக்கினாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அப்புறம் ஒரு நாள் ஆசீலு வசூலிக்கிறவன் வந்தான். கடைபோட்டு விற்கிறவர்களிடம் தினமும் வாங்குகிற சந்தை வரிக்கு இங்கே ஆசீலு என்று பேர். அவன் தூண் பக்கத்தில் நின்று, "இது யார் எடம்?" என்று கேட்டான். "நாகம்மா எடம்" என்றாள். காசை வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான், இடம் அவளுடையது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆசீலுக்காரன் கேட்டால் எந்தப் பேர் வருகிறதோ அந்தப் பேருக்கு அந்த இடம். அந்த வம்சத்துக்கே அதுதான் முதல் நிலம்.

நாகம்மாவுக்கு முடியாமல் போனதும் பொன்னியம்மா வந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து அவளை எனக்குத் தெரியும். இருட்டு பிரியும் முன்னே ஆட்டோவில் போய் புத்தலப்பட்டுத் தோட்டங்களில் கீரை பிடித்து வருவாள். ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் அடுக்குவாள். கடப்பைக்கல்லின் குளிர்ச்சியிலும் தூணின் நிழலிலும் அவள் கீரை சாயங்காலம் வரை தலை சாயாது. கீரையை விட வாய் இன்னும் விறைப்பு. ஒரு தடவை ஒரு அம்மாள் புளிச்சக்கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கிள்ளிக்கினே கீறியே, இது இன்னா உன் நாத்தனா கன்னமா?" என்றாள் பொன்னியம்மா. அந்த அம்மாள் சிரித்துவிட்டு ரெண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனாள். புருஷன் வீராசாமி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு லோடு ஏற்றுவார். சீசன் இல்லாத மாசங்களில் வீட்டில் சமைப்பார், பொன்னியம்மாவை விட நன்றாகச் சமைப்பார். மகள் தேன்மொழி கீரைக் காசில் படித்து, திருப்பதியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள்.

வாசலை ஒட்டி இடது பக்கம் வரலட்சுமியின் இடம். பச்சைமிளகாயும் எலுமிச்சையும் விற்பவள். நகரியில் தறி வைத்திருந்த குடும்பம். விசைத்தறியை விற்றுவிட்டுப் புருஷன் நாகபூஷணத்தோடு இங்கே வந்தாள். பொன்னியம்மாவுக்கு அவள் வரலட்சுமக்கா, அவளுக்கு இவள் பொன்னி. இவள் கொண்டுவந்த களியை அவள் தின்பாள், அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை இவள் தின்பாள். ஊரில் ஒருத்தி வீட்டில் ஒருத்தி தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள், மார்க்கெட்டில் ஒரே தூக்குச்சட்டி. நாகபூஷணம் இறந்தபோது துக்கம் முடியும் வரை வரலட்சுமியின் இடத்தைப் பார்த்துக்கொண்டவள் பொன்னியம்மாதான்.

இடம் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் நாசமாய்ப் போயிற்று. மார்க்கெட்டில் ஒரு இடம் சில நாள் காலியாக இருந்தால் எவனாவது மூட்டையை இறக்கிவிடுவான். அதனால் சாவோ பிரசவமோ வந்து ஒருத்தி போனால், இன்னொருத்தி போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும். தன் இடத்தில் தன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். கவிழ்த்த கூடையை யாரும் தொடமாட்டார்கள். போய் உட்கார்ந்தவள் அந்த இடத்துக்காரியின் சரக்கை முதலில் விற்றுவிட்டுத்தான் தன் சரக்கை எடுக்கலாம். ஆசீலுக்காரன் வந்து கேட்டால் இடத்துக்காரியின் பேரைத்தான் சொல்ல வேண்டும். தவறியும் தன் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் இடத்தைத் தின்கிறாள் என்று அர்த்தம். முன்னாளில் அப்படிச் சொல்லிப் பிடுங்கினவர்கள் உண்டு, மண்டை உடைந்ததும் உண்டு. அதற்குப் பிறகு பெண்களே போட்டுக்கொண்ட கட்டு இது. யாரும் மீறினதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் வரலட்சுமியின் மகளுக்குச் சாந்திபுரத்தில் பிரசவம். வரலட்சுமி போனாள். பொன்னியம்மா மூன்றாவது தூணில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலோரம் மிளகாய்க்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம்தான், மார்க்கெட்டை இடிக்குமுன் யார் யாருக்கு எந்த இடம் என்று குறித்துக்கொள்ளும் சர்வே வந்தது.

கையில் டேப்லெட்டோடு சின்னப் பிள்ளைகள். பிரித்திகா என்று கழுத்து அட்டையில் பேர் போட்ட ஒரு பெண் வரலட்சுமியின் இடத்துக்கு வந்து நின்று, "ஈ பிளேஸ் எவரிதி அம்மா?" என்றாள். இது யார் இடம் என்றுதான் கேட்டாள். பொன்னியம்மா என்ன சொல்வாள்?

"வரலட்சுமி எடம்."

"நைஸ்மா. இங்க பாருங்க."

படக்கென்று ஒரு போட்டோ. பொன்னியம்மாவின் முகம், வரலட்சுமியின் பேர். அந்தப் பெண் அப்படியே உள்ளே போனாள். மூன்றாவது தூணில் ஆள் இல்லை, கவிழ்த்த கூடை ஒன்று கிடந்தது. காலி இடம் என்று தட்டிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசில்லை, அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். கவிழ்த்த கூடை என்றால் என்ன என்று ஒருநாள் மார்க்கெட்டில் நின்று கேட்டுக்கொள்ளாமல் டேப்லெட்டைக் கொடுத்து அனுப்பினானே, அவனைத்தான் திட்டுகிறேன்.

அப்புறம் புது மார்க்கெட்டில் இடம் பெறுகிறவர்களின் பேர்களை ஒட்டினார்கள். தேன்மொழி திருப்பதியிலிருந்து வந்து மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தாள். அம்மா பேர் இல்லை. இருந்த இடத்தில் பாதிதான் புதுக் கட்டடத்தில் இடம். விட்டுப்போனவர்கள் முறையிடலாம், பேர் உள்ள ஒரு வியாபாரி நேரில் வந்து, இந்த ஆள் இன்ன இடத்தில் விற்றவர் என்று சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். என்ன விதி அது! இருப்பதே பாதி இடம். இன்னொருத்தியை உள்ளே இழுத்துவிட்டால் தன் இடம் போய்விடுமோ என்று ஒவ்வொருத்திக்கும் பயம். எவள் வாய் திறப்பாள்? ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடியே ஊரை ரெண்டாக்கிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

பொன்னியம்மாவுக்கு மட்டும் பயமில்லை. "வரலட்சுமக்கா வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்ணா," என்றாள் என்னிடம். "மூணாவது தூணு பொன்னியோடதுன்னு சொல்லட்டும். வேற இன்னா வோணும்?"

அந்தச் சமயத்தில் முகத்தைச் சரிபார்க்க வரலட்சுமியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போட்டோவில் இருப்பது வேறு முகம். புராஜெக்ட் ஆபீஸ் அதிகாரி சுதீர் விஷயத்தை ரெண்டாகப் பிளந்து அவள் முன்னால் வைத்தார். இடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் உன் இடம் ரத்து. உனக்குத் தெரியாமல் எவளாவது உட்கார்ந்து உன் பேரைச் சொல்லியிருந்தால் அது மோசடி, உன் இடம் உனக்கே. இந்த ரெண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்பது அவர் படித்த படிப்பில் இல்லை.

அதே ஆபீசில் ஒரு ஆள் பொன்னியம்மாவையும் தனியாகக் கூப்பிட்டான். "வரலட்சுமிகிட்ட வாடகைக்கு இருந்தேன்னு சொல்லிடும்மா. போட்டோ உன்னுது. அனுபவிக்கிறவங்களுக்குத்தான் இடம். அந்த வாசலோர நம்பரு உனக்கே வந்துடும்."

"த்தூ," என்றாள் பொன்னியம்மா. "ஒரே தூக்குல துன்னுட்டு அதுல மண்ணு போடச் சொல்றியா? எனக்கு என் எடம் வோணும். அவ எடம் எனக்கு எதுக்கு?"

அன்று சாயங்காலமே வரலட்சுமி வீட்டுக்குப் போனாள். இப்படி இப்படிச் சொல்லச் சொல்கிறார்கள், நான் சொல்லமாட்டேன், நீ பயப்படாதே என்று சொல்லத்தான் போனாள். வரலட்சுமியின் மகன் சுரேஷ்பாபு கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டான். ஸ்ரீசிட்டியில் ஃபேக்டரி வேலை, லீவில் வந்திருந்தான். "அம்மா தூங்கிக்கினு கீறாங்க, பொன்னி அத்த. நான் சொல்லிக்கிறேன்," என்றான். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது என்று மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள். தூங்குகிறவள் எப்படிச் சட்னி அரைப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பொன்னியம்மாவுக்குத் தோன்றவில்லை. அன்று ராத்திரி அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறாள்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன், மில்லைப் பூட்டிவிட்டு. வரலட்சுமியும் சுரேஷ்பாபுவும் முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னியம்மா, "ன்னாக்கா, பேரப்புள்ள நல்லா கீறானா?" என்று கேட்டாள். வரலட்சுமி தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா, பேசாதே என்றா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சுதீர் ஒரு காகிதத்தை எடுத்துத் தெலுங்கில் படித்தார். வரலட்சுமி சொன்னதாக எழுதியிருந்தது. தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து எவளோ ஒருத்தி தன் இடத்தில் உட்கார்ந்து, தன் பேரைச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். 'ஈமெ எவரோ நாக்கு தெலீது.' இவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

பொன்னியம்மாவுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் வேறு ஏதாவது அர்த்தம் சொல்வேன் என்பதுபோல. அப்புறம் வரலட்சுமியைப் பார்த்தாள். "அக்கா?" என்றாள். வரலட்சுமி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுரேஷ்பாபு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வாய் சும்மா இருக்குமா? எழுந்து கத்தினேன். நாகபூஷணம் செத்தப்போ உன் மிளகாயை வித்து உன் வீட்டுல கொண்டாந்து குடுத்தது யாரு, உன் வாயில சோறு போட்டது யாரு என்று கேட்டேன். "இது உன் மில்லு இல்ல, வெளிய போய் கத்து," என்றார் சுதீர். நான் போகவில்லை. அவரும் என்னைத் தள்ளவில்லை, பொன்னியம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது போலீஸ் கேசாகும், தெரியுமா? அவங்க பேரை எதுக்கு நீ சொன்னே?"

பொன்னியம்மா கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அது அவ எடம் சார். அவ எடத்துல குந்தினு அவ பேரச் சொன்னேன். வேற யார் பேரச் சொல்றது?"

"அப்ப உன் இடம்?"

"மூணாவது தூணு. அங்க என் பேரச் சொல்லத்தான் ஒருத்தியும் இல்ல."

அந்த நேரத்தில் வரலட்சுமி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டாள், மகன் சொல்லிக்கொடுத்தான், எல்லாம் சரி. பயந்தவள் அழவாவது செய்திருக்கலாம். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, "போலாமா சுரேசு?" என்றாள். வரலட்சுமியின் இடம் வரலட்சுமிக்கு என்று முடிந்தது. பொன்னியம்மா வயசானவள் என்பதால் கேஸ் வேண்டாம், எச்சரித்து அனுப்புகிறோம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஒரு தப்பும் செய்யாதவளை மன்னித்து அனுப்பினார்கள். இதைவிடப் பெரிய திமிரை நான் பார்த்ததில்லை. ஆசீலு வசூலித்த சிட்டிபாபுவிடம் போய், வருஷக்கணக்காக மூன்றாவது தூணில் யாரிடம் காசு வாங்கினாய் என்று வந்து சொல்லேன் என்று கெஞ்சினோம். "நான் காண்ட்ராக்ட் ஆளு, எனக்கு எதுக்கு வம்பு," என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

கட்டடம் எழும்பிற்று, திறந்தார்கள், அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். வரலட்சுமிக்கு மாடியில் இடம் வந்தது. ஆள் ஏறி வராத மாடியில் மிளகாய் வாடிப்போவதைப் பார்த்து, சுரேஷ்பாபு அதை ஒரு போன் கவர் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டான். ஆமாம், வாடகைக்கு. இப்போது எந்த அதிகாரியும் வந்து முகத்தைச் சரிபார்க்கவில்லை. வரலட்சுமி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

பொன்னியம்மா சாக்கடை ஓரத்துக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா உட்கார்ந்திருந்த அதே சாக்கடை. இப்போது அதற்கு மேல் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள், நாற்றம் மட்டும் மூடவில்லை. நிழல் கிடையாது, பத்து மணிக்கே கீரை தலை சாய்கிறது. போலீஸ்காரர் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், போனதும் திரும்பி வர வேண்டும். தேன்மொழி திருப்பதிக்குக் கூப்பிடுகிறாள். "அங்க வந்து இன்னா பண்ணப் போறேன், உன் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டவா?" என்று போனில் சத்தம் போடுகிறாள். மில் வாசலில் உட்காரேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மழை வந்தால் மட்டும் வருவாள்.

போன வாரம் வரலட்சுமி வந்தாள். பை இருந்தது, ஆனால் கீரை வாங்க வந்தவளைப் போல இல்லை. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்துவிட்டு, கடைசியில் கூடைக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பொன்னியம்மா வாயில் என்னவெல்லாம் வரப்போகிறதோ என்று, உண்மையைச் சொன்னால், ஆசையாகவே நின்றேன்.

"என்னாம்மா வோணும்?" என்றாள் பொன்னியம்மா.

வரலட்சுமியின் முகம் என்னவோ ஆயிற்று. "பொன்னி..."

"அரைக்கீர கீது, சிறுகீர கீது. புளிச்சகீர முடிஞ்சிப்போச்சிம்மா."

"அவன் சொன்னான்னு பயந்துட்டேண்டி. கையெழுத்துப் போட்டுட்டேன். ராத்திரில தூக்கமே வர்ல பொன்னி."

"கட்டு பெருசாவே கீது, பாருங்க. சிறுகீர குடுக்கட்டுமா?"

சிடுசிடுப்பு இல்லை, ஏளனம் இல்லை. ரோட்டில் போகிற யாரிடமும் பேசுகிற மாதிரி பேசினாள், ஒவ்வொரு தடவையும் ம்மா சேர்த்து, மரியாதையாக. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்ததிலேயே மோசமான வசவு அதுதான். வரலட்சுமிக்கு அது புரிந்தது. ஒரு கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பொன்னியம்மா மிச்சச் சில்லறையை நீட்டிக்கொண்டு, "இந்தாங்கம்மா, சில்லற," என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

நான் ரோட்டைத் தாண்டி வந்தேன். கோபக்காரன்தான் நான், ஆனாலும் ஆபீஸ்காரர்கள் மேல் இருந்த கோபம் வேறு, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு இது வேறு.

"ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாமே பொன்னியம்மா. அவளும் என்ன பண்ணுவா?"

பொன்னியம்மா கீரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாருண்ணா அந்தம்மா?"